மார்ஷலின் பெயரும் நெசவாளியின் வம்சமும்: ஒரு லெஃபெவ்ர் குடும்பத்தின் கொடிவழி ஆய்வு

பின்னணி

வட பிரான்சில் லில் நகரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய தம்பியும் தங்கள் குடும்பக் கொடிவழியை உறுதிப்படுத்தித் தருமாறு எங்கள் தன்னார்வ ஆய்வுக் குழுவை அணுகினர். அவர்களுடைய குடும்பப் பெயர் லெஃபெவ்ர் (Lefebvre). நெப்போலியனின் மார்ஷல்களுள் ஒருவரும் டான்சிக் பிரபு என்று பட்டம் பெற்றவருமான ஃபிரான்சுவா ழோசஃப் லெஃபெவ்ரின் நேர் வாரிசுகள் தாங்கள் என்பது மூன்று தலைமுறைகளாக அந்த வீட்டில் வழங்கிவந்த நம்பிக்கை. இதற்குச் சான்றாக இரண்டு பொருள்களை வைத்திருந்தனர். ஒன்று, பாட்டனார் ஊதா மையில் எழுதிய பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம். அதன் முதல் பக்கத்தில் ஒரு கொடிவழி வரையப்பட்டு உச்சியில் மார்ஷலின் பெயர் இருந்தது. மற்றொன்று, சந்தைக் கடையில் வாங்கிச் சட்டமிட்டு மாட்டிய “லெஃபெவ்ர் குலச்சின்னம்”.

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு ஒரே தலைமுறையோடு கணக்கை முடித்துவிடும் நமக்கு, ஒரு பெயர் அறுநூறு எழுநூறு ஆண்டுகள் ஒரே வம்சத்தில் இறங்கி வருவது என்பதே சற்று அந்நியமான செய்தி. நம்மவர்களுள் புதுச்சேரியின் ரெனோன்சாந்துகளுக்கு மட்டும் இதில் நேரடி அனுபவம் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணையின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்களுடைய தலைவரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அங்கே பெயர் பிறந்த நாள் பதிவேட்டிலேயே இருக்கிறது. பிரான்சின் பழைய பெயர்களுக்கு அப்படியொரு நாள் கிடையாது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பட்டப்பெயராகவோ தொழிற்பெயராகவோ ஒட்டிக்கொண்டவை மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கும் இறங்கி நிலைத்தவை அவை.

இந்த வழக்கில் அவசரம் ஒன்றும் இருந்தது. தம்பியார் தம் பெயரோடு “டான்சிக்” என்பதையும் சேர்த்துக்கொள்ள நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த விண்ணப்பத்துக்கு முன்பாக அரசிதழிலும் உள்ளூர் செய்தித்தாளிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் ஆய்வு முடிய வேண்டும் என்று அக்காள் விரும்பினார். கூடவே ஒரு தகவலையும் அவர் போகிற போக்கில் சொன்னார்: பக்கத்து நகரமான ரூபேயில் லெஃபெவ்ர் என்ற இன்னொரு குடும்பம் இருக்கிறது; அவர்கள் பெயரை நடுவில் “பி” (b) எழுத்து இல்லாமல், Lefèvre என்று எழுதுவதால் “அவர்கள் நம்மவர்கள் அல்லர்” என்று பாட்டனார் சொல்லிவிட்டார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தத் தகவல், பின்னால் மார்ஷலைவிட அதிகம் பயன்பட்டது.

பெயரின் வேர்

லத்தீனில் “ஃபாபெர்” என்றால் கைவினைஞன், குறிப்பாக உலோகத்தில் வேலை செய்பவன். அது பழைய பிரெஞ்சில் “ஃபெவ்ர்” ஆகி, கொல்லனைக் குறித்தது. பின்னர் “ஃபோர்ழ்ரோன்” என்ற சொல் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, “ஃபெவ்ர்” வழக்கொழிந்தது. இன்று அது தட்டாரைக் குறிக்கும் “ஒர்ஃபெவ்ர்” என்ற சொல்லுக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது. ஆனால் சொல் செத்த பின்னும் பெயர் சாகவில்லை. ஒவ்வோர் ஊரிலும் கொல்லுப்பட்டறை இருந்தது, ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு கொல்லர் இருந்தார், அவருடைய பிள்ளைகளை ஊரார் “கொல்லர் வீட்டுப் பிள்ளைகள்” என்றே அழைத்தனர். ஆகவே இந்தப் பெயர் ஓரிடத்தில் பிறந்து பரவியது அன்று. நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே பிறந்தது.

வட்டாரத்துக்கு வட்டாரம் அதன் உரு மாறுவதிலேயே இது தெரியும். வடக்கிலும் பிக்கார்தியிலும் நார்மண்டியிலும் லெஃபெவ்ர். தெற்கின் ஒக்சித்தான் மொழிப் பகுதியில் ஃபாப்ர் அல்லது ஃபோர்: பூச்சியியலாளர் ழான் ஹான்றி ஃபாப்ர் (1823–1915), 1895 முதல் 1899 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர், இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே (1845–1924) ஆகியோருடைய பெயர்கள் இவ்வகை. சவோயிலும் லியோன் சுற்றுவட்டாரத்திலும் ஃபாவ்ர். புனித சவேரியாருடன் பாரிஸில் ஒரே அறையில் தங்கிப் படித்தவரும், இயேசு சபையின் தொடக்கத் தோழர்களுள் ஒருவரும், 2013இல் புனிதராக அறிவிக்கப்பட்டவருமான பியேர் ஃபாவ்ர் (1506–1546) சவோயில் பிறந்தவர். நம் மறைமாவட்ட வெளியீடுகளில் அவரைப் “பீட்டர் ஃபேபர்” என்று எழுதுவது அவருடைய லத்தீன் வடிவத்தைப் பின்பற்றித்தான். பிரெத்தாஞில் கொல்லர் “கோவ்”. அதிலிருந்து லெ கோஃப் என்ற பெயர் வந்தது, வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் (1924–2014) பெயரில் இருப்பது அதுவே. ஜெர்மானியப் பேச்சு வழங்கிய அல்சாசில் அவரே ஷ்மிட்.

இனி அந்தப் “பி”. பேச்சில் அந்த ஒலி என்றோ மறைந்துவிட்டது. ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டுகளின் எழுத்தர்கள், சொல்லின் லத்தீன் மூலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற புலமைப் பெருமையில், ஒலிக்காத ஒரு “பி”யை நடுவில் செருகினர். அக்காலத்தில் “யு”வும் “வி”யும் வடிவத்தில் வேறுபடாத ஒரே எழுத்து. இரண்டையும் பிரித்து எழுதும் பழக்கம் பிற்பாடு வந்தபோது, செருகப்பட்ட “பி”க்கு அடுத்து நின்ற எழுத்தைச் சிலர் “யு” என்று படித்தனர். “லெஃபெப்யூர்” (Lefébure) என்றொரு புதிய பெயரே உண்டாயிற்று. பாரிஸின் ஆர்கன் கலைஞர் லெஃபெப்யூர்-வெலி (1817–1869) பெயரில் இருப்பது அந்தத் தவறான வாசிப்பு நிலைத்துப்போன வடிவம். ஆக, “பி” உள்ள லெஃபெவ்ர், “பி” இல்லாத லெஃபெவ்ர், லெஃபெப்யூர் ஆகிய மூன்றும் ஒரு வம்சத்துக்குள்ளேயே, சில வேளை ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே மாறி மாறி வரக்கூடியவை. எழுத்துக்கூட்டலை வைத்து உறவு இல்லை என்று தள்ளுவதற்கும், பெயர் ஒன்றாயிருப்பதை வைத்து உறவு உண்டு என்று கொள்வதற்கும் ஆதாரபலம் ஒரே அளவுதான்: இரண்டுக்கும் கிடையாது.

புகழ்பெற்ற லெஃபெவ்ர்கள்

நோட்டுப்புத்தகத்தில் மார்ஷலுக்குப் பக்கத்தில் வேறு சில பெரியவர்களின் பெயர்களும் உறவினர்போல எழுதப்பட்டிருந்தன. அவர்களைத் தனித்தனியே பார்த்தாலே குழப்பம் பாதி தீர்ந்துவிடுகிறது. 1523இல் புதிய ஏற்பாட்டையும் 1530இல் முழு விவிலியத்தையும் பிரெஞ்சில் வெளியிட்ட மனிதநேயப் புலவர் ழாக் லெஃபெவ்ர், எதாப்ல் என்ற கடற்கரை ஊரினர்; லத்தீனில் எழுதும்போது தம்மை “ஃபாபெர்” என்றே குறிப்பிட்டுக்கொண்டார். ஊர்வலத்தின் முன் தொப்பியைக் கழற்றவில்லை என்பது உள்ளிட்ட தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டுகளில் 1766 ஜூலை 1 அன்று அப்வீல் நகரில் இருபது வயதில் கொல்லப்பட்டு, வால்டேரின் எழுத்தால் ஐரோப்பா முழுதும் அறியப்பட்ட லா பார் சிறுபிரபுவின் குடும்பப் பெயரும் லெஃபெவ்ர்தான். எழுத்தாளர் ழான் தோர்மெஸோனின் (1925–2017) முழுக் குடும்பப் பெயர் லெஃபெவ்ர் தோர்மெஸோன். அது மன்னராட்சிக் காலத்தில் நீதி, நிதித் துறைகளில் உயர்பதவி வகித்த தனியொரு பிரபு குடும்பம். பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றாசிரியர் ழோர்ழ் லெஃபெவ்ர் (1874–1959) லில்லில் பிறந்தவர், வடக்கு மாவட்ட விவசாயிகளைப் பற்றிய பேராய்வால் பெயர்பெற்றவர். தத்துவவாதி ஹான்றி லெஃபெவ்ர் (1901–1991), ரோமுடன் முறித்துக்கொண்ட பேராயர் மார்செல் லெஃபெவ்ர் (1905–1991), சித்ரோயன் நிறுவனத்தின் டி.எஸ். காரை வடிவமைத்த பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ர் (1894–1964) ஆகியோரும் பட்டியலில் உண்டு. இவர்களை இணைப்பது ஊர்தோறும் இருந்த உலைக்களம் மட்டுமே. பிரான்சின் மிகப் பரவலான 20 குடும்பப் பெயர்களுள் ஒன்று என்னும்போது, அதில் புகழ்பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பதில் வியப்பும் இல்லை.

முதல் முடிவு: மார்ஷலிடமிருந்து கீழே இறங்குவது

கொடிவழி ஆய்வின் வழக்கமான முறை, உயிரோடிருப்பவரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுவது. இங்கு நாங்கள் முதலில் மறுதிசையில் ஒரு சோதனையைச் செய்வதென்று முடிவெடுத்தோம். காரணம் எளியது: மார்ஷலின் குடும்பம் பொதுப் பதிவுகளில் முழுமையாக அறியப்பட்டது, அந்த வழி குறுகியதாக இருந்தால் கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும், தம்பியாரின் விளம்பரச் செலவும் மிஞ்சும்.

மார்ஷல் லெஃபெவ்ர் 1755 அக்டோபர் 25 அன்று அல்சாசின் ரூஃபாக்கில் பிறந்தார். 1773இல் பிரெஞ்சுக் காவற்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1783இல் சலவைத் தொழிலாளியான கத்தரீன் ஹூப்ஷெர் என்பவரை மணந்தார். 1804இல் மார்ஷல் ஆனார். 1807இல் டான்சிக் நகரை முற்றுகையிட்டுப் பிடித்ததற்காகப் பிரபு பட்டம் பெற்றார். 1820 செப்டம்பர் 14 அன்று பாரிஸில் இறந்தார். தம்பதியருக்குப் பிறந்த பிள்ளைகள் 14 பேர். அவர்களுள் ஒருவர்கூடத் தந்தைக்குப் பிறகு உயிருடன் இல்லை. வளர்ந்து ஆளாகிப் படையில் உயர்பதவிக்கு வந்த மகன் 1812இல் ரஷ்யப் படையெடுப்பின்போது வில்னாவில் மாண்டார். பட்டம் மார்ஷலோடு முடிந்துபோனது.

அதாவது நேர் வாரிசு என்ற உரிமைகோரல் ஒரே அமர்வில் முடிந்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. தம்பியார் சில நாளில் புதிய வாதத்தோடு வந்தார்; அந்த வாதத்தை மதிக்கவே வேண்டியிருந்தது. அல்சாசில் கொல்லருக்கு வழங்கிய பெயர் ஷ்மிட் என்று நாங்களே சொன்னோம் அல்லவா? அப்படியானால் ரூஃபாக்கில் லெஃபெவ்ர் என்ற பெயர் வந்தேறிய பெயர்; அது இந்தப் பெயர் மலிந்த வடக்கிலிருந்துதான் போயிருக்க வேண்டும்; ஆகவே நேர் வாரிசாக இல்லாவிட்டாலும் தாங்கள் மார்ஷலின் பங்காளி வழியினராக இருக்கலாம். முதற்பகுதி சரியான ஊகமே. இரண்டாம் பகுதியில்தான் தாவல் இருக்கிறது. அல்சாசுக்கு மேற்கே, மலைத்தொடரைக் கடந்தால் லொரேன். அங்கும் பிரெஞ்சு பேசினர், அங்கும் கொல்லர்கள் இருந்தனர். இருந்தாலும், இதை வாதத்தால் தீர்ப்பதைவிட இவர்களுடைய சொந்த வம்சம் 1755க்கு முன்னே எங்கிருந்தது என்று பதிவேட்டில் காட்டிவிடுவதே முறை என்று கருதினோம்.

இரண்டாம் கட்டம்: பதிவேடுகளில் மேலேறுதல்

பிரான்சில் இதற்கு வாய்ப்பு உண்டு என்பதற்குக் காரணம் சட்டத்தின் நீண்ட தொடர்ச்சி. 1539இன் வில்லேர்-கொத்ரே அரசாணை பங்குக் குருக்கள் திருமுழுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. 1579இன் புளுவா அரசாணை திருமணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது. 1667 முதல் ஒவ்வொரு பதிவேடும் இரண்டு படிகளாக எழுதப்பட்டு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. 1792 செப்டம்பரில் பதிவு கோவிலிலிருந்து நகராட்சிக்கு மாறியது. 1794 ஆகஸ்ட் 23ஆம் நாளின் சட்டம் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்தது. அதன் பின்னரே எழுத்துக்கூட்டல் கொள்கையளவிலாவது உறைந்தது.

கடந்த 75 ஆண்டுகளுக்குள்ளான பிறப்பு, திருமணப் பதிவுகளைப் பிறர் பார்க்க முடியாது. நேர் வழித்தோன்றல்கள் முழுப்படி கேட்டுப் பெறலாம். எனவே முதல் இரண்டு தலைமுறைகளுக்கான படிகளை அக்காளே நகராட்சிகளுக்கு எழுதிப் பெற்றார். அதற்கு மேற்பட்டவற்றை மாவட்ட ஆவணக் காப்பகம் இணையத்தில் இட்டுள்ள படங்களிலிருந்தே வாசிக்க முடிந்தது. திருமணப் பதிவுகளையே முதன்மையாகக் கொண்டோம். அவற்றில் இரு தரப்புப் பெற்றோரின் பெயர், வயது, தொழில், இருப்பிடம் எல்லாம் வருவதால் ஒரு பதிவு அடுத்த தலைமுறைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்தப் பகுதி விரைவாகவே நகர்ந்தது. பாட்டனாரின் தந்தை ரூபேயில் ஆலைத் தொழிலாளி. அவருக்கு முந்தியவர் கம்ப்ரேசி எனப்படும், கம்ப்ரே நகரைச் சுற்றிய நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர்.

அந்த ஊரில் போய் நின்றதும் தொழில் எல்லாத் தலைமுறைக்கும் ஒன்றாக இருந்தது: “முல்கினியே”, அதாவது மெல்லிய லினன் துணி நெய்பவர். கம்ப்ரேசியின் சிறப்புத் தொழில் அது; நம் ஊர்த் துணிக்கடைகளில் “கேம்பிரிக்” என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரே இந்த நகரத்தின் பிளெமிஷ் பெயரிலிருந்து வந்ததுதான். நூல் உலர்ந்தால் அறுந்துவிடும் என்பதால் ஈரப்பதமான நிலவறையில் தறியைப் போட்டு, தெருமட்டத்தில் வைத்த சிறு சன்னல் வழியே விழும் வெளிச்சத்தில் நெய்தனர். கொல்லர் பெயர் தாங்கிய இந்தக் குடும்பத்தில், பதிவுகள் கிடைக்கும் காலம் முழுவதும், ஒரு கொல்லர்கூட இல்லை. தொழிலிலிருந்து பெயர் பிரிந்து நெடுங்காலமாயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1829ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு

வழக்கின் முடிச்சு இருந்தது இந்த ஒரு பக்கத்தில். மணமகன் 26 வயது நெசவாளர். மணமகள் நூல் நூற்பவர். பதிவின் உடற்பகுதியில் எழுத்தர் சாய்வான, பழகிய கையால் மணமகன் பெயரை “பி”யோடு எழுதியிருந்தார். ஆனால் திருமணத்துக்காகக் கொடுக்கப்பட்ட பிறப்புப் பதிவுப் படியில், புரட்சி நாள்காட்டியின் 11ஆம் ஆண்டில் (1802–03) பதியப்பட்ட அதில், பெயர் “பி” இல்லாமல் இருந்தது. பதிவின் நடுவில் அதற்காகவே ஒரு பத்தி: பிறப்புப் பதிவில் காணும் பெயரும் மணமகன் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உடனிருந்த தந்தை உறுதி கூறினார், தமக்குக் கையெழுத்திடத் தெரியாது என்றும் தெரிவித்தார். மணமகன் கையெழுத்திட்டிருந்தார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே, பெரிதாக, கோட்டை விட்டு மேலேறி நிற்கும் கையெழுத்து. அதன் கடைசிப் பகுதியில் “யு” ஐயமற வட்டமாக இருந்தது. அவர் எழுதியது லெஃபெப்யூர். ஆக ஒரே தாளில் ஒரே மனிதருக்கு மூன்று வடிவங்கள்.

இவ்வாறு தந்தை உறுதிகூறுவது வெறும் உள்ளூர்ச் சலுகை அன்று. புரட்சிக் காலத்துக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட பதிவுகளில் பெயர் எழுத்துகள் முரண்படுவது எங்கும் நிறைந்திருந்ததால், ஒவ்வொருவரையும் நீதிமன்றத்துக்கு அலையவிடாமல், பெற்றோரோ உறவினரோ உறுதிகூறினால் திருமணம் நடக்கலாம் என்று, அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறும் அரசு மன்றம் 1808 மார்ச்சில் கருத்துரை வழங்கியிருந்தது. எழுதத் தெரியாத ஒரு நெசவாளி அன்று வாய்மொழியாகச் சொன்ன உறுதிதான், நம்மைப் போன்றவர்களுக்கு இன்று மறுக்க முடியாத ஆவணமாக நிற்கிறது.

இந்தப் பத்தியைக் கண்டபின் தேடும் முறையை மாற்றினோம். அதுவரை “பி” உள்ள வடிவத்தை மட்டும் பத்தாண்டு அட்டவணைகளில், அதாவது பதிவேடுகளுக்குப் பத்தாண்டுக்கு ஒன்றாகத் தொகுத்த பெயர்ப் பட்டியல்களில், பார்த்துவந்தோம். இனி மூன்று வடிவங்களையும், முன்னால் உள்ள “லெ”யை விட்டு “ஃபெவ்ர்” என்று எழுதியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதே பெற்றோருக்குப் பிறந்த ஓர் இளைய மகன் உடனே கிடைத்தார். அவர் ரூபேக்குப் போய், “பி” இல்லாத பெயரில் மணம் முடித்து, அங்கேயே தங்கியவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 8,000 பேர் வாழ்ந்த ரூபே, கம்பளி ஆலைகளால் நூற்றாண்டின் முடிவில் 1,20,000க்கு மேற்பட்டோர் வாழும் நகரமாயிற்று. கம்ப்ரேசியின் தறிகள் ஓயத் தொடங்கியபோது அங்கே போனவர்களுள் இவர் முந்தியவர். அவருடைய வழித்தோன்றல்கள்தாம் “நம்மவர்கள் அல்லர்” என்று பாட்டனார் தள்ளிவைத்த குடும்பம்.

மேல்நோக்கிய தேடல் 1687இல் அதே பங்கில் நடந்த ஒரு திருமணத்தில் நின்றது. கம்ப்ரே 1677இல் பதினான்காம் லூயியின் படையிடம் வீழ்ந்து மறு ஆண்டு நைமேகன் உடன்படிக்கையால் பிரான்சுடன் சேர்ந்த நகரம். அதற்கு முன்பு அங்கே பிரெஞ்சு அரசாணைகள் செல்லாது. எனவே பதிவேடுகளும் அந்த அளவில் மெலிந்துபோகின்றன. எனினும் எங்கள் கேள்விக்கு இது போதுமானது. மார்ஷல் பிறப்பதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே இக்குடும்பம் கம்ப்ரேசியில் தறியோடு வேரூன்றியிருந்தது. அங்கிருந்து எவரும் அல்சாசுக்குப் போனதாகவோ, அல்சாசிலிருந்து எவரும் இங்கே வந்ததாகவோ ஒரு பதிவும் இல்லை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

அக்காள் கேட்ட அடுத்த கேள்வி இதுதான். கோரிக்கையில் இல்லாவிட்டாலும் அதை எடுத்துக்கொண்டோம். பாட்டனாரின் தந்தை 1914–18 போரின்போது எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தன. அவற்றில் மார்ஷல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1920களில் எழுதிய நோட்டுப்புத்தகத்தில் மார்ஷல் திடீரென்று முழு உருவில் தோன்றுகிறார்: அவருடைய செல்வத்தைக் கண்டு பொறாமைப்பட்ட நண்பரை, “தோட்டத்துக்கு வா, முப்பது அடி தூரத்தில் நின்று உன்னைச் சுடுகிறேன், பிழைத்தால் எல்லாம் உனக்கே, நான் இதைச் சம்பாதித்தது அப்படித்தான்” என்ற பொருளில் அவர் மடக்கியதாக வழங்கும் கதையும் அங்கே உண்டு. அதற்கு மேல், மார்ஷலின் மனைவி எல்லா இடத்திலும் “மதாம் சான்ஸ்-ழேன்” (கூச்சமறியாச் சீமாட்டி) என்றே குறிக்கப்பட்டிருந்தார். அந்தப் பட்டப்பெயர் உண்மையில் புரட்சிப் படைகளில் குதிரைவீரராகப் பணியாற்றிய தெரேஸ் ஃபிகேர் என்ற வேறொரு பெண்மணிக்கு உரியது. சலவைக்காரச் சீமாட்டிக்கு அதை மாற்றிப் புகழ் தேடித் தந்தது விக்தோரியன் சார்துவும் எமில் மோரோவும் எழுதி 1893இல் பாரிஸில் அரங்கேறிய நாடகம். எனவே பாட்டனாரின் தகவல் வம்ச வழியாக இறங்கியதன்று, நாடகமேடை வழியாக வந்தது என்று கொள்ளவே இடமிருக்கிறது. தம் பெயரைத் தாங்கிய ஒரு சிப்பாய் பிரபு ஆனார், அவர் மனைவி துணி வெளுத்தவர் என்ற கதை, ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு இனித்திருக்கும். அதைப் பொய் என்று குறைசொல்ல எனக்கு மனமில்லை.

எடுக்காத வழிகள்

தம்பியாரின் மகன், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்துவிடலாமே என்றார். பிரான்சில் வம்சாவளி ஆர்வத்துக்காக இத்தகைய சோதனை செய்துகொள்வது 3,750 யூரோ அபராதத்துக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, ஒப்பிட்டுப் பார்க்க மார்ஷலுக்குச் சந்ததியே இல்லை. எனவே மறுத்தோம்.

குலச்சின்னத்துக்கும் அதிகம் மெனக்கெடவில்லை. பிரான்சில் கேடயச் சின்னம் ஒரு குடும்பத்துக்கு உரியது. பெயருக்கு உரியது அன்று. ஒரே பெயருள்ள நூறு குடும்பங்களுள் ஒன்றுக்கு இருந்த சின்னத்தை மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் விற்பது வியாபாரம்.

பெயர் சேர்ப்பு விண்ணப்பத்தைப் பற்றி எழுத்தில் கருத்துரை கொடுத்தோம். குடியியல் சட்டத் தொகுப்பின் 61ஆம் பிரிவு, நான்காம் உறவுப்படி வரையிலான முன்னோர் அல்லது பக்க உறவினர் தாங்கிய பெயர் அழிந்துபோகாமல் காப்பதற்காகப் பெயர் மாற்றத்தை அனுமதிக்கிறது. இங்கே அந்த உறவு இல்லை. “டான்சிக்” பெயரும் அன்று, 1820இல் அணைந்த பட்டம். 2022 ஜூலை முதல் நகராட்சியிலேயே படிவம் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளும் எளிய வழி வந்திருக்கிறது என்றாலும், அது தாய், தந்தை பெயர்களுக்குள் தேர்வதோடு சரி.

தொடர்ந்து நடந்தவை

தம்பியார் விண்ணப்பத்தைக் கைவிட்டார். மகிழ்ச்சியோடு என்று சொல்ல முடியாது. இறுதி அறிக்கையை ஒப்படைத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அக்காள் ரூபே குடும்பத்துக்குக் கடிதம் எழுதி, 1829 பதிவின் படியையும் இளைய மகனின் திருமணப் பதிவின் படியையும் இணைத்தார். அவர்களிடமிருந்து பதில் வந்தது. தங்களிடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலக் குடும்பக் கையேடு (திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் குறிக்கப்படும் அரசு ஏடு) ஒன்று இருப்பதாகவும், அதிலும் ஒரு பிள்ளையின் பெயரில் மட்டும் “பி” நுழைந்து பின்னர் அடிக்கப்பட்டிருப்பதாகவும் எழுதினர். இரு குடும்பங்களும் தங்கள் படிகளைப் பரிமாறிக்கொண்டன. எங்கள் விளக்கப்படத்தில் காலியாக இருந்த பக்கக்கிளைகள் அதனால் நிறைந்தன. இரு தரப்பும் தங்கள் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றத் தேவையும் இல்லை.

நடைமுறையில் செய்த மாற்றம்

இந்த வழக்குக்குப் பின் எங்கள் கோரிக்கைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் புதிதாகச் சேர்ந்தன. குடும்பத்தில் வழங்கும் கதை எழுத்தில் முதன்முதலாக எப்போது தோன்றுகிறது, எவர் கையெழுத்தில் என்பது ஒன்று. ஒரே பெயரைத் தாங்கியும் உறவு இல்லை என்று ஒதுக்கிய குடும்பங்கள் அருகில் உண்டா, ஒதுக்கியதற்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை முதல் நாளே கேட்டிருந்தால் அட்டவணைகளைத் திரும்பப் பார்க்க நேர்ந்திராது. புகழ்பெற்றவரின் வழித்தோன்றல் என்று கோருபவர்களுக்கு முதலில் அந்தப் புகழ்பெற்றவரின் சந்ததியைச் சரிபார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது; ஆனால் எதிர்மறை விடை கிடைத்தாலும் மேல்நோக்கிய தேடலை நிறுத்துவதில்லை. தொழிற்பெயர்களைப் பொறுத்தவரை, ஆய்வைத் தொடங்கும் முன்பே அந்தப் பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும், பழைய கையெழுத்தில் அவை எப்படித் தோன்றும் என்பதையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டே பதிவேட்டைத் திறக்கிறோம்.

1687க்கு முந்திய காலத்துக்குப் பதிவேடுகள் இல்லாவிட்டாலும், கம்ப்ரே பகுதி நோட்டரிகளின் பத்திரங்கள் காப்பகத்தில் இருக்கின்றன. நிலவிற்பனை, சொத்துப் பங்கீடு, திருமண ஒப்பந்தம் ஆகியவற்றில் நெசவாளிகளின் பெயர்கள் வருவதுண்டு. அவற்றைப் படிப்பதற்குப் பழைய எழுத்துப் பயிற்சி தேவை. சில மாதங்கள் கழித்து அந்தப் பயிற்சி வகுப்பில் சேர விரும்புவதாகத் தம்பியார் எங்களுக்கு எழுதினார். கோப்பின் அந்தப் பகுதி இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.